பொட்டு வைக்காத லேப்டாப்

கோபத்தோடு எதையும் எழுதாதே, ஆறின பிறகு எழுது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். ஆறினால் நான் எழுதவே மாட்டேன். ஆறிப்போனவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டதால்தான் விநாயக் மாதிரி ஆட்கள் நெற்றி நிறைய விபூதியோடு நிம்மதியாக உலவுகிறார்கள். அலுவலகத்தில் அவனை சார் என்றுதான் கூப்பிடுவேன். இங்கே அவன் இவன்தான்.

ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் அவன் அப்பா துளசிராமன் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் ஒரு ஷெட். குடோன்களில் மூட்டைகளை மாடிக்கு ஏற்றும் கூண்டுகளுக்கு அங்கே கன்ட்ரோலர் செய்கிறோம். கோலார் தங்கவயலில் அதை யாரும் லிஃப்ட் என்று சொல்வதில்லை. சுரங்கம் மூடி இத்தனை வருடம் ஆகியும் எங்களுக்கு மேலும் கீழும் போகிறதெல்லாம் கேஜ்தான். ஷெட்டை விநாயக் பார்த்துக்கொள்கிறான். கேஜ் எங்கே கிளம்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிற ப்ரோகிராமை எழுதுகிறவள் நான்.

அப்படி நாங்கள் மாட்டிய கேஜ் ஒன்று பங்காருபேட்டையில் மஞ்சுநாத்தின் புளி குடோனில் இருக்கிறது. அதை ஓட்டுகிறவர் கிளமெண்ட் அண்ணன். ஊரிகத்தில், பழைய சுரங்கக் குடியிருப்பில், எங்கள் லைனிலேயே அடுத்த வீடு. எங்கள் அடுப்பங்கரைக்கும் அவர்கள் அடுப்பங்கரைக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் மனைவி லூயிசாக்கா தாளித்தால் என் மகள் தும்முவாள்.

தீபாவளி முடிந்த வாரம் அந்த கேஜ் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. உச்சி மாடியையும் தாண்டிப் போய் உத்திரத்தில் மோதி, கயிறு தெறித்து, புளி மூட்டைகளோடு கீழே வந்தது. கிளமெண்ட் அண்ணன் சற்று விலகி நின்றிருந்ததால் உயிர் தப்பியது. தோள்பட்டை எலும்பும் வலது மணிக்கட்டும் உடைந்தன.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை வயிற்றின்மேல் வைத்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "குணா, நான் லிவரைத் தொடலம்மா. பட்டன் மட்டும்தான் அமுக்கினேன். அது பாட்டுக்கு மேல போச்சி."

லிவர் என்பது கரண்ட் போய் கேஜ் நடுவில் மாட்டிக்கொண்டால் பிரேக்கைக் கையால் விடுவிக்கிற பிடி. அதை யாராவது இழுத்தால் ப்ரோகிராம் என்ன சொன்னாலும் எடுபடாது. "சரிண்ணா, ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு வந்து, மறுநாள் அலுவலகத்தில் என் ப்ரோகிராமைத் திறந்தேன். வரிவரியாகப் பார்த்தேன். மேஜைமேல் வேறொரு கன்ட்ரோலர் போர்டில் ஏற்றி ஓட்டியும் பார்த்தேன். நிற்க வேண்டிய இடத்தில் சரியாக நின்றது. மஞ்சுநாத் வந்து கேட்டபோது, "ப்ரோகிராம்ல தப்பில்ல சார்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அந்த உண்மையை விநாயக் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான்.

"ப்ரோகிராம் சரியா கீது, மோட்டார் சரியா கீது. அப்பறம் இன்னா சார் மிச்சம்? லிவர்தான். ஆபரேட்டர் அவசரத்துல இழுத்துட்டு இப்ப இல்லங்கறான்" என்றான். மஞ்சுநாத் கெட்டவர் இல்லை. ஆனால் வியாபாரி. லிவரை இழுத்தது கிளமெண்ட்தான் என்றால் வேலையும் கிடையாது, வைத்தியச் செலவும் தன் தலையில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வியாழக்கிழமை வந்து துளசிராமன் சாரிடம் கடைசி வார்த்தை கேட்டுக்கொள்வதாகவும் சொன்னார். ஐம்பது வயதில், உடைந்த மணிக்கட்டோடு, மிஷினைக் கெடுத்தவன் என்ற பேரோடு, யார் கிளமெண்ட் அண்ணனுக்கு வேறு வேலை கொடுப்பார்கள்?

வியாழக்கிழமை காலை லைன் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனேன். லூயிசாக்கா முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக என் குடத்தைத் தானே நகர்த்தி வைப்பவர், அன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வீட்டுக்கு வந்தப்பறம் அண்ணனுக்கு வலி எப்படிக்கா?"

"வலிக்கு இன்னா, மாத்திர கீது. பொய்யன்னு பேரு வாங்கினதுக்கு இன்னா மாத்திர கீது? நீ சொல்லேன், படிச்சவதானே."

"நான் லிவரைப் பத்தி ஒன்னியும் சொல்லலியேக்கா."

"சொல்லல. உன் பொட்டி கரெக்டுன்னு சொன்ன. பொட்டி கரெக்டுன்னா எங்க ஆளு தப்பு. இதுக்கு வேற படிப்பு வேணுமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்கிற மாதிரி நான் எதற்கு இவர்களிடம் பேச்சு வாங்க வேண்டும் என்று தோன்றியது. குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவர் விடவில்லை.

"அந்த லிவரை அவரு ஒருவாட்டி கூட தொட்டதில்ல, தெரிஞ்சிக்கோ. தொட்டவரு உங்க லேப்டாப் சாருதான். பூஜ அன்னிக்கி வந்து, கரண்ட் போனா இப்பிடி எறக்கணும்னு இவருக்குக் காட்டிக் குடுத்தாரு. அதோட சரி."

"எந்த பூஜைக்கா?"

"ஆயுத பூஜதான். குடோன்ல குடுத்தாங்கன்னு பொரி கடல எடுத்துக்கினு வந்தாரே, உன் பொண்ணுக்குக் கூட ஒரு கிண்ணம் குடுத்தேனே. சாப்ட்டது மறந்து போச்சா?"

"மறக்கலக்கா. விநாயக் சார் அன்னிக்கு அங்க எதுக்கு வந்தாரு?"

"எனக்கு இன்னா தெரியும்? போர்டு பொகஞ்சி போச்சாம். வேற போர்டு மாட்டி, லேப்டாப்புல வெச்சி இன்னாவோ ஏத்தினாராம். நல்ல நாளு, இன்னிக்கே ஓட்டிப் பாக்கணும்னு குடோன் மொதலாளி நின்னாராம்."

குடம் என் கையிலிருந்து நழுவி முழங்காலில் இடித்தது. வலி அப்போது தெரியவில்லை. மறுநாள் பார்த்தால் கன்றிப்போயிருந்தது.

ஏன் அப்படி ஆடிப்போனேன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கயிறு சுற்றுகிற டிரம் எத்தனை சுற்று சுற்றினால் கேஜ் உச்சிக்குப் போகும் என்பது ஓர் எண். அந்த எண்ணை ஒவ்வொரு ப்ரோகிராமிலும் எழுதினால் மாற்றும்போது எதையாவது விட்டுவிடுவோம். அதனால் தனியாக ஒரு ஃபைலில் எழுதி வைத்து, ப்ரோகிராமின் தலையில் 'இந்த ஃபைலைச் சேர்த்துக்கொள்' என்று ஒரு வரி போடுவோம். இன்க்ளூட் வரி என்று பெயர். ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பாதையும் அந்த வரியில் இருக்கும். எங்கள் ஷெட்டில் அந்தப் பொது ஃபைல்கள் எல்லாம் மூலையில் இருக்கிற சர்வரில் கிடக்கின்றன. எல்லார் கம்ப்யூட்டரிலும் அந்த சர்வருக்கு எஸ் டிரைவ் என்று பேர் வைத்திருக்கிறான் விநாயக். எங்கள் எல்லா இன்க்ளூட் வரிகளும் எஸ் என்றுதான் ஆரம்பிக்கும்.

இது வேண்டாம் என்று நான் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறேன். எஸ் என்பது ஓர் இடம் கிடையாது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொள்கிற பேர். என் கம்ப்யூட்டரில் எஸ் என்றால் சர்வர். இன்னொன்றில் எஸ் என்று எதை வேண்டுமானாலும் காட்டலாம், ப்ரோகிராம் வாயைத் திறந்து கேட்காது, கொடுத்ததைச் சேர்த்துக்கொண்டு போய்விடும். ப்ரோகிராம் இருக்கிற ஃபோல்டருக்குள்ளேயே ஃபைலையும் வைத்து, அங்கிருந்தே பாதை எழுதுவோம் என்றேன். "எல்லாருக்கும் ஒரே எஸ், சிம்பிளா கீது, இத்தப் போயி நோண்டிக்கினு" என்றான். முதலாளி மகன் சொன்னால் சிம்பிள். நாங்கள் சொன்னால் நோண்டல்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் என்ன செய்தோம்? ஷெட்டைக் கழுவி, மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, சர்வருக்கு ஒரு சாமந்தி மாலையும் போட்டோம். பொட்டு வைத்தவள் நான். ப்ளக்கைப் பிடுங்கியவன் விநாயக். "சாமிக்கு வெச்சாச்சு. மறுபூஜ முடியாம ஒருத்தரும் கை வெக்கக் கூடாது" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். இந்த வருடம் மட்டும் இல்லை. வருடா வருடம் சொல்வான்.

அப்படியானால் பூஜை அன்று, சர்வர் மாலை போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தபோது, இவன் குடோனில் உட்கார்ந்து புது போர்டுக்கு எந்த எஸ்ஸிலிருந்து ப்ரோகிராம் தயார் செய்தான்?

பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற வழியெல்லாம் எனக்குப் பல் கடிபட்டது. கேஜ் இடையில் முதல் மாடி வரைதான் ஓடியிருக்கிறது, அங்கே அதை நிறுத்துவது இந்த எண் இல்லை, தனி ஸ்விட்ச், தீபாவளி முடிந்து புளி லோடு வந்த பிறகுதான் உச்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் பொருந்தியது. போன பூஜைக்கும் இந்தப் பூஜைக்கும் நடுவில் டிரம்மையே மாற்றியிருந்தோம். போன வருடம் வரை சின்ன டிரம், அதிகச் சுற்று. கோடையில் பெரிய டிரம் வந்தது, சுற்று குறைந்தது. சர்வரில் அந்த எண்ணை மாற்றியவள் நானே. பழைய எண்ணோடு பெரிய டிரம் சுற்றினால் கேஜ் எங்கே போகும்? உத்திரத்துக்குத்தான் போகும்.

நான் போய்ச் சேர்ந்தபோது மஞ்சுநாத் வந்துவிட்டிருந்தார். துளசிராமன் சார் அவருக்கு காபி சொல்லிக்கொண்டிருந்தார். விநாயக் பக்கத்தில் நின்று, "மனுசன்னா தப்பு பண்றது சகஜம்தான் சார். ஆனா ஒத்துக்கணும் இல்லீங்களா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் சொல்கிற பேச்சு இது.

நான் நேராக மூலைக்குப் போய் சர்வரின் ப்ளக்கைப் பிடுங்கினேன். காய்ந்த சாமந்தி இதழ் நாலைந்து கையில் ஒட்டிக்கொண்டு வந்தன.

"ஏய், இன்னா பண்ற!" என்று விநாயக் கத்தினான்.

"உக்காருங்க சார். மஞ்சுநாத் சார், நீங்க கொஞ்சம் இப்படி வாங்க. நான் சொல்றது புரியலன்னா கேளுங்க."

அவரை என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். அவருடைய கேஜின் ப்ரோகிராமைத் தயார் செய்யும்படி பட்டனைத் தட்டினேன். திரையில் சிவப்பு சிவப்பாக வந்தது. எஸ் டிரைவில் ஃபைல் இல்லை, முடியாது என்று நின்றுவிட்டது. பக்கத்து மேஜையிலும் தட்டினேன். அதே சிவப்பு.

"ஏனாயித்து? கெட்டுப் போச்சா?" என்றார் மஞ்சுநாத். அவர் கன்னடக்காரர். எங்களோடு பேசும்போது தமிழில் கன்னடம் வந்து விழும்.

"கெடல சார். இப்படித்தான் ஆகணும். எண்ணெல்லாம் அந்த மூலைப் பொட்டியில கீது. அத்த அணைச்சா ஒருத்தருக்கும் வேலை நடக்கக் கூடாது. மெயின் ஃபியூசைப் பிடுங்கினா வீடு முழுக்க இருட்டாகணும் இல்லீங்களா?"

"ஹௌது, ஆமா."

"இப்ப விநாயக் சார் லேப்டாப்புல பாருங்க."

விநாயக்கின் முகம் மாறியதை நான் பார்த்தேன். துளசிராமன் சாரும் பார்த்தார். "அதுல சார்ஜ் இல்ல" என்றான். சார்ஜர் செருகியே இருந்தது. "அப்பறம் பாக்கலாம் குணா, கஸ்டமர் முன்னாடி இன்னா இது கலாட்டா?"

"போடுடா" என்றார் துளசிராமன் சார்.

அவன் போடவில்லை. நான் போட்டேன். லேப்டாப்பில் ப்ரோகிராம் ஒரு தடங்கலும் இல்லாமல் தயாராகி, முடிந்தது என்று பச்சையில் காட்டியது. வீடு முழுக்க இருட்டு, இவன் அறையில் மட்டும் பல்பு எரிகிற மாதிரி. மஞ்சுநாத் அதைப் பார்த்தார், மூலையில் அணைந்து கிடக்கிற சர்வரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இவருக்கு எங்கேர்ந்து வருது?"

"அதான் சார் கேள்வி. எங்க ஊர்ல மாரியம்மன் கோயில் பக்கத்து வீடுன்னு அட்ரஸ் சொன்னா போஸ்ட்மேன் சிரிப்பாரு. ஒவ்வொரு லைன்லயும் ஒரு மாரியம்மன் கோயில் கீது. எஸ்ஸும் அப்படித்தான். எங்களுக்கு எஸ்ஸுன்னா சர்வர். இவரு லேப்டாப்புக்குள்ளயே ஒரு ஃபோல்டருக்கு எஸ்ஸுன்னு பேரு வெச்சிருக்காரு."

அந்த ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். போன வருடப் பூஜைக்கு முன்னால் சர்வரிலிருந்து எடுத்து வைத்த நகல். இந்த வருடம் புதிதாக எடுக்க மறந்திருக்கிறான். சின்ன டிரம்மின் எண் அப்படியே குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் என் பெயர். அந்த ஃபைலை முதலில் எழுதியவள் நான் என்பதால்.

"வருஷா வருஷம் இதான் வழியா?" என்றேன். என் குரல் கடை வரைக்கும் கேட்டிருக்கும். ஒயர் வாங்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"சாமிக்கு வெச்ச சர்வரை எப்படி எடுக்க முடியும்? எங்க வீட்டு வழக்கம் அது. அப்பாவையே கேளு."

"லேப்டாப்பு?"

"அதுக்குப் பொட்டு வெக்கல."

"ஏன் வெக்கல?"

"வெச்சா எடுக்க முடியாது இல்ல? அவசரத்துக்கு ஒன்னு வேணாமா?" என்றான். அதில் தப்பு இருப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை என்பதுதான் என்னை எரித்தது.

"சாமிய ஏமாத்த ஒரு சந்து வெச்சிக்கினீங்க. ஏமாறாத சாமி யாரைப் பிடிச்சிது பாருங்க. கை உடைஞ்சது உங்களுதில்ல. லிவரை இழுத்தேன்னு பேரு வாங்கினது உங்களுதில்ல. கேஜ் விழுந்த அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

அவன் அப்பாவைப் பார்த்தான்.

"கேக்குதில்ல?" என்றார் துளசிராமன் சார்.

"சந்தேகம் வந்துச்சு" என்றான் மெதுவாக. "கம்பெனி பேரு கெடுமேன்னு..."

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். சந்தேகம் வந்த பிறகும் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய், "நீ ஒத்துக்கினா நான் மொதலாளிகிட்ட சொல்லிப் பாக்கறேன்" என்று கிளமெண்ட் அண்ணனிடம் சொன்னவன் இவன். லூயிசாக்கா அந்த ஆரஞ்சுகளை உரித்து அவருக்கு ஊட்டியதை நான் பார்த்தேன். அவனை அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. இன்றைக்கும் கை ஊறுகிறது.

துளசிராமன் சார் தொண்டையைச் செருமினார். "மஞ்சுநாத், சின்னப் பசங்க, எதோ அசதியில..."

"அதெல்லாம் பேடா, வேணாம்" என்றார் மஞ்சுநாத். காபி டம்ளரைத் தள்ளி வைத்தார். "ஒந்தே கேள்வி. நம்ம கிளமெண்ட் லிவரை இழுத்தானா, இல்லையா?"

துளசிராமன் சார் மகனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். கடை வாசலில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது.

"இல்ல" என்றார். "தப்பு எங்களுது. வைத்தியம், கேஜ், எல்லாம் நாங்க பாக்கறோம்."

மஞ்சுநாத் அங்கேயே போனை எடுத்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். நான் ஒயர்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளுக்குள் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு சந்தோஷம். லூயிசாக்கா நாளைக்கு என் குடத்தை நகர்த்தி வைப்பார் என்று கூட நினைத்தேன்.

"கிளமெண்ட், நான் மஞ்சுநாத். உன் மேல தப்பில்லப்பா. கம்ப்யூட்டர்ல நோடிட்டேன். எல்லாம் கிளியர் ஆயித்து. கை சரியானதும் வேலைக்கு வா."

அந்தப் பக்கம் அவர்கள் அடுப்பில் எதுவோ கொதிப்பது கேட்டது.

"யாரு கண்டுபிடிச்சாங்க சார்?"

"குணசுந்தரி மேடம்தான். இங்கதான் இருக்காங்க. சர்வரை அணைச்சி, லேப்டாப்பு போட்டு, எல்லாம் ப்ரூஃப் பண்ணிக் காட்டினாங்க."

"நல்லதும்மா" என்றார் கிளமெண்ட் அண்ணன். குரலில் கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். களைப்புதான் இருந்தது. "நான் லிவரைத் தொடலன்னு அன்னிக்கே சொன்னேன். மொதலாளிகிட்ட சொன்னேன். அந்த லேப்டாப் சாருகிட்ட சொன்னேன். மொத மொத உங்கிட்டதான் குணா சொன்னேன், நீ ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப. சரிண்ணான்னு தலையாட்டிட்டு நேரா உன் பொட்டிகிட்ட போயி கேட்ட. பொட்டி இன்னா சொல்லிச்சோ அத்த நம்பின. இன்னிக்கி இன்னொரு பொட்டி மாத்திச் சொல்லுது, இப்ப என்னை நம்பற. நாளைக்கி மூணாவதா ஒரு பொட்டி வந்து நான்தான் இழுத்தேன்னு சொன்னா?"

மஞ்சுநாத் என்னைப் பார்த்தார். விநாயக்கும் பார்த்தான். ப்ளக்கைப் பிடுங்கின கையில் இன்னும் காய்ந்த சாமந்தி ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த கோபத்தை முழுக்க விநாயக்கின் தலையில் கொட்டிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அதில் எனக்குரிய பங்கு அப்படியே மிச்சம் இருந்தது.

"அண்ணா" என்றேன்.

அதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.